வரவேண்டியவை

திங்கட்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதித் தா என்றார் முதலாளி.
கடன் கொள்கை.
ஒரே பக்கம், லோரி ஓட்டுகிறவனுக்கும் புரியணும்,
பேங்கில் கேட்கிறார்களாம்.

மேலே அலுவலகம், கீழே கிடங்கு,
கிடங்கு நிறையக் காகிதக் கோப்பைகள், சோற்றுப் பெட்டிகள்.
பினாங்கில் பாதிப் பேர் பொட்டலம் கட்டித் தின்பது
நம் பெட்டியில்தான் என்பார் தர்மசீலன்.
விற்பனைக்காரர் வாய்.
பாதியில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் வரி எழுதினேன்: முப்பது நாள்.
அடித்தேன்.
ஜெலுத்தோங்கில் எங்களுக்கு எதிர்ச்சாரிக்காரன் அறுபது தருகிறான்.
முப்பது என்று ஒட்டினால்
வாடிக்கை சாலையைக் கடந்துவிடும்.
அறுபது என்றாலோ,
தைப்பிங்கிலிருந்து காகிதம் அனுப்புகிறவர்
நமக்குத் தருவது நாற்பத்தைந்து.
நடுவில் உள்ள பதினைந்து நாளைக்கு
பேங்கில் வாங்கி, வட்டி கட்டி,
ஊரார் சோற்றுக்கு நாம் பெட்டி கொடுக்கிறோம்.
பதினைந்து நாள் என்பது சின்னச் சொல்.
அதற்குள் ஒரு சம்பளத் தேதி உட்கார்ந்திருக்கிறது.

ஆயர் ஈத்தாம் லிம்முக்குக் கெடு எதற்கு?
இருபத்தொன்பதாம் தேதி, மழையோ வெயிலோ,
கூப்பிடாமலே பணம் கணக்கில் விழும்.
அவருக்கு இரண்டு சதவீதம் தள்ளுபடி தரலாமா?
எப்படியும் தருகிறவருக்கு எதற்கு என்கிறது கால்குலேட்டர்.
தராதவனோடு மட்டுமே பேசுகிறாயே என்கிறது
மூன்று வருடமாக அவர் குரலைக் கேட்டிராத என் காது.

தஞ்சோங் தோக்கோங் அன்வர்தீன் மூன்றாம் அழைப்பில் தருவார்.
முதலாவதில் சலாம், இரண்டாவதில் மகன் படிப்பு,
மூன்றாவதில் நூற்றெண்பது வெள்ளி.
என் நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

மேகவர்ணனுக்கு வருகிறேன்.
கல்யாணச் சமையல்.
பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி, நூற்றுப் பன்னிரண்டு நாள்.
பட்டியலில் கடைசிப் பத்தி அவருடையது.
அதற்கப்பால் தாளே இல்லை.
‘ஆவணி முகூர்த்தம் முடியட்டும்மா.’
ஆவணி முடிந்தது. ஐப்பசியும்.
போன வாரம் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த் போனேன்.
பூட்டு இல்லை. அடுப்பும் இல்லை.
அண்டா இருந்த இடங்களில்
வட்ட வட்டமாகத் தரை வெளுத்திருந்தது.
அவர் மனைவி எங்கள் கோப்பையிலேயே தேநீர் தந்தார்.
குடித்தேன்.
அதுவும் கடனில் போன கோப்பை.

திரும்பும் ஃபெர்ரியில் பழைய ஆர்டர்களைப் புரட்டினேன்.
ஐயாயிரம் என்று நான் போட்ட வரம்பு
மூன்று முறை தாண்டியிருக்கிறது.
மூன்று முறையும் ஓரத்தில்
‘நல்ல பார்ட்டி, நான் பொறுப்பு’, தர்மசீலன்.
சரக்கு ஏறிய மாதமே அவருக்குக் கமிஷன் போய்விட்டது.
அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

கடன் அன்பை முறிக்கும் என்று
கீழே கல்லாவுக்கு மேல் ஒரு பலகை.
யாருடைய கடன், யாருடைய அன்பு என்று
அதில் எழுதவில்லை.

ஏட்டில் இதற்குப் பெயர் வரவேண்டியவை.
சொத்து என்ற தலைப்பின் கீழ்,
கையிருப்பு ரொக்கத்துக்குப் பக்கத்திலேயே,
கூச்சமில்லாமல் எழுதுகிறோம்.
உள்ளே ஒரு வேண்டுதல் ஒளிந்திருக்கிறது.
வேண்டுதல் தண்ணீர்மலைக்குச் சரி,
பேங்குக்கு ஆகாது.

ஞாயிறு இரவு பதினொன்று.
நாற்பத்தைந்து நாள், எல்லோருக்கும்.
(சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு
லிம்மைப் போய்ப் பார்க்க வேண்டும். இது கொள்கையில் இல்லை.)
வரம்பு தாண்டினால் லோரி கிளம்பாது,
யார் கையெழுத்துப் போட்டாலும்.
பிறகு ஒரு வரி.
இதை எழுத எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது:
விற்பனைக் கமிஷன், பணம் வந்த பிறகே.

காலையில் முதலாளி படித்தார்.
கடைசி வரியில் விரலை வைத்து,
தர்மசீலன் என் மச்சான், தெரியுமில்ல, என்றார்.
தெரியும் என்றேன்.
பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை.

கீழே லோரியில் பெட்டி ஏற்றும் சத்தம்.
யாருக்கு என்று
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.